செயற்கை நரம்பு வலையமைப்பு மனிதரைப் போலச் சிந்திக்கிறதா? நீங்களே சோதித்தறிய ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டி, குழித்துறைக்கு அருகில் உள்ள எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களோடு அமர்ந்து அறிவியல் பேசுவது என் வழக்கம். கடந்த இரண்டு ஆண்டுகளாக எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் பேச்சு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: "சார், இந்த ஏஐ நம்மளப் போல யோசிக்குமா?" யோசிக்கும் என்று சொல்லும் மாணவரும், அது வெறும் கணக்குத்தான் என்று சொல்லும் மாணவரும் ஒரே அளவு உறுதியோடு வாதிடுகிறார்கள். ஆனால் இரு தரப்பாரும் ஒரு சோதனைகூடச் செய்து பார்த்ததில்லை. அவர்களுக்காக நான் வகுத்த முறையை இங்கே எழுதுகிறேன். இதற்குத் தேவையானவை ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில், உரையாடும் செயலி உள்ள ஒரு கைப்பேசி ஆகியவைதாம். இவற்றோடு, ஏதேனும் ஒரு தொழிலில் கைதேர்ந்த பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இருந்தால் மிக நன்று. அவர் ஏன் தேவை என்பது போகப்போகத் தெரியும்.

கேள்வியை முதலில் உடைத்துக்கொள்ளுங்கள்

'சிந்திக்கிறதா' என்ற சொல்லை முழுதாக வைத்துக்கொண்டு சோதனை செய்ய இயலாது. 1950-இல் ஆலன் டூரிங் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டபோது, இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்பதை விட்டுவிட்டு, எழுத்து வழியே உரையாடும் ஒருவர் எதிரில் இருப்பது மனிதரா இயந்திரமா என்று பிரித்தறிய முடியுமா என்ற சோதனையை முன்வைத்தார். அது கூர்மையான மாற்று என்றாலும், இன்று அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏனெனில் 1966-இல் ஜோசஃப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற மிக எளிய நிரல், சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கிக் கேட்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யாதபோதே, அதனோடு பேசிய சிலர் அது தங்களைப் புரிந்துகொண்டதாக நம்பினார்கள். பேச்சைக் கேட்டவுடன் அதன் பின்னால் ஒரு மனம் இருப்பதாக எண்ணிவிடுவது நம் இயல்பு. அந்த இயல்பையே அளவுகோலாக வைத்து அளக்க முடியாது.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில், சிந்தித்தல் என்று நாம் அன்றாடம் சொல்லும் செயல்களைத் தனித்தனியாக எழுதுங்கள். நல்லதையும் அல்லாததையும் பிரித்தறிவது, ஒரு சொல்லின் பொருளை இடம் பார்த்துக் கொள்வது, எதிராளி சொன்னது போதவில்லை என்றால் திருப்பிக் கேட்பது, புதிதாகக் கற்றதை நாளைக்கும் வைத்திருப்பது, செய்ததற்குக் காரணம் சொல்வது, வெயிலையும் பசியையும் உணர்ந்து அதற்கேற்ப முடிவெடுப்பது என்று எங்கள் மாணவர்கள் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் விடை வேறாக வரலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விடையைத் தேடியதால்தான் எங்கள் விவாதம் அத்தனை நாள் முடியாமல் இழுத்தது.

ஒரே ஒரு நியூரானைக் கையால் செய்து பாருங்கள்

உரையாடும் செயலிக்குள் இருப்பது செயற்கை நரம்பு வலையமைப்பு; நியூரான் எனப்படும் சிறு சிறு கணக்குகளை ஏராளமாகப் பின்னியதே அது. செயலியைத் திறப்பதற்கு முன்பு அத்தகைய நியூரான் ஒன்றைக் கையால் செய்துவிடுங்கள். உள்ளே நடப்பது என்ன வகைக் கணக்கு என்று கையால் உணராதவர், பின்னால் வரும் சோதனைகளில் ஒன்று அளவுக்கு மீறி வியப்பார், அல்லது அளவுக்கு மீறி அலட்சியம் செய்வார்.

விளவங்கோடு பக்கத்தில் ரப்பர் ஷீட் பார்க்காத பிள்ளை கிடையாது என்பதால் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டோம். என் தாய்மாமா நாற்பது ஆண்டுகளாக ஷீட் தரம் பிரிப்பவர். புகையில் உலர்ந்து தேன் நிறத்துக்கு வந்த ஷீட்டை இரு கைகளாலும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார், கண்ணை ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டுவார், இடப்பக்கமோ வலப்பக்கமோ போடுவார். அன்று அவர் பிரித்துக்கொண்டிருந்த தரத்துக்கு மூன்று குறைகளை மட்டும் கணக்கில் எடுத்தோம்: உலராமல் நிற்கும் வெள்ளைப் பொட்டு, குமிழி, பூசணம். குறை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒவ்வொரு குறைக்கும் ஓர் 'எடை' உண்டு. தொடக்கத்தில் மூன்று எடைகளும் 0. அவற்றோடு 'கையிருப்பு' என்று ஓர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அது 1. கையிருப்போடு, ஷீட்டில் இருக்கும் குறைகளின் எடைகளைக் கூட்ட வேண்டும். விடை 0-ஐ விடப் பெரிதாக இருந்தால் 'நல்லது', இல்லாவிட்டால் 'தள்ளு'.

திருத்தும் விதி இது: நம் கணக்கும் மாமாவின் தீர்ப்பும் ஒத்துப்போனால் எதையும் தொட வேண்டாம். கணக்கு 'நல்லது' என்று சொல்லி மாமா தள்ளியிருந்தால், அந்த ஷீட்டில் இருந்த குறைகளின் எடைகளிலும் கையிருப்பிலும் ஒவ்வொன்று குறைக்க வேண்டும். கணக்கு 'தள்ளு' என்று சொல்லி மாமா ஏற்றிருந்தால் அவற்றில் ஒவ்வொன்று கூட்ட வேண்டும்.

முதல் ஷீட்டில் குறை இல்லை. கூட்டல் 1, நல்லது. மாமாவும் நல்லது என்றார். இரண்டாவதில் வெள்ளைப் பொட்டும் குமிழியும் இருந்தன; எடைகள் இன்னும் 0 என்பதால் கணக்கு நல்லது என்றது, மாமா தள்ளினார்; ஆகவே பொட்டின் எடை -1, குமிழியின் எடை -1, கையிருப்பு 0 ஆயின. மூன்றாவதில் சிறு குமிழி மட்டும். கூட்டல் -1, தள்ளு. ஆனால் மாமா ஏற்றார். குமிழி மீண்டும் 0, கையிருப்பு 1. நான்காவதில் பூசணம் மட்டும். கணக்கு நல்லது என்றது, மாமா தள்ளினார். பூசணம் -1, கையிருப்பு 0. ஐந்தாவதில் குறையே இல்லை, ஆனால் கூட்டல் 0 என்பதால் கணக்கு தள்ளியது, மாமா ஏற்றார், கையிருப்பு 1. இப்போது எடைகள்: பொட்டு -1, குமிழி 0, பூசணம் -1. இனி எந்தச் சேர்க்கையில் ஷீட்டைக் காட்டினாலும் மாமாவின் தீர்ப்பே விடையாக வரும். எட்டுச் சேர்க்கைகளையும் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சற்று நில்லுங்கள். சிறு குமிழியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று யாரும் அந்தக் கணக்குக்குச் சொல்லவில்லை. திருத்தித் திருத்தி அந்த எடை தானாக 0-இல் வந்து நின்றது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த 0-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் முதன்முறை அப்படித்தான் இருந்தது. இதைச் சிந்தனை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனாலும் மாமாவின் அறிவில் ஒரு துளி அந்த எண்ணுக்குள் வந்து சேர்ந்திருப்பதையும் மறுக்க முடியாது.

இந்த விதி ஃபிராங்க் ரோசன்பிளாட் 1950-களின் இறுதியில் உருவாக்கிய பெர்செப்ட்ரான் என்ற தொடக்ககாலச் செயற்கை நியூரானின் விதி. நரம்பணுவைக் கூட்டலும் வரம்பும் கொண்ட கணக்காக எழுதலாம் என்று 1943-இலேயே வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸும் காட்டியிருந்தார்கள். ஒற்றை நியூரானுக்கு எல்லை உண்டு. மாடிப்படி விளக்குக்கு மேலே ஒரு சுவிட்சும் கீழே ஒரு சுவிட்சும் இருக்கும். இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் விளக்கு எரியும். அந்த எளிய விதியை ஒரு நியூரானால் கற்க முடியாது. இத்தகைய எல்லைகளை மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் 1969-இல் கணித முறையில் நிறுவினார்கள். நியூரான்களை அடுக்கினால் அது முடியும். அடுக்குகளுக்குள் பிழையைப் பின்னோக்கிப் பகிர்ந்து எடைகளைத் திருத்தும் முறையை 1986-இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பரவலாக்கினார்கள். இந்தத் துறையின் அடிப்படைப் பணிக்காக 2024-இன் இயற்பியல் நோபல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் கிடைத்தது.

நீங்கள் நான்கு எண்களைத் திருத்தினீர்கள். 2020-இல் வெளிவந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில், அதாவது முன்வந்த சொற்களைப் பார்த்து அடுத்த சொல்லை ஊகிக்கும் வலையமைப்பில், அப்படித் திருத்தப்பட்ட எண்கள் 17,500 கோடி. மனித மூளையில் உள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்பதை இதோடு ஒப்பிட்டு, இயந்திரம் மூளையைத் தாண்டிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள்; அது தவறான ஒப்பீடு. எடைக்கு இணையாகச் சொல்லத்தக்கது நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு. மூளையில் அது நூறு இலட்சம் கோடி என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. மேலும் உண்மையான நரம்பணு ஒரு கூட்டல் கணக்கன்று; வேதிப்பொருள்களும் நேரமும் அதன் வேலையில் கலந்திருக்கின்றன. அத்தனையும் சுமார் 20 வாட்டில், ஒரு எல்.இ.டி. ட்யூப் லைட் எரியும் மின்சாரத்தில் நடக்கிறது.

உங்கள் ஊர்ச் சொற்களால் சோதியுங்கள்

இனிச் செயலியைத் திறக்கலாம். இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் திருக்குறளுக்குப் பொருள் கேட்பதையும் கவிதை எழுதச் சொல்வதையும் பார்க்கிறேன். அவற்றால் பெரிதாக எதுவும் வெளிப்படாது. அவை அது முன்பே ஆயிரம் முறை படித்தவை. எழுத்தில் அதிகம் வராத, ஆனால் உங்களுக்கு உள்ளங்கைபோல் தெரிந்த ஒன்றைக் கொண்டு சோதிக்க வேண்டும். எல்லையில் வாழும் நமக்கு அந்த வசதி நிறையவே இருக்கிறது.

'வெள்ளம்' என்றால் மதுரைக்காரருக்கு ஆற்றில் கரைபுரளும் நீர். களியக்காவிளைப் பக்கத்திலோ அது குடத்தில் இருக்கும் குடிநீர்; மலையாளத்திலும் அப்படியே, கரைபுரள்வதற்கு அங்கே 'வெள்ளப்பொக்கம்' என்று வேறு சொல் உண்டு. 'சக்கை' என்றால் பிற இடங்களில் சாறு பிழிந்த கரும்பின் மிச்சம், நமக்குப் பலாப்பழம். ஆனால் கரும்புச் சக்கை என்ற வழக்கும் நம்மிடம் உண்டு, வெள்ளம் ஏறியது என்ற வழக்கும் உண்டு. இரண்டு பொருளையும் தலைக்குள் ஒன்றாக வைத்துக்கொண்டு, இடம் பார்த்து ஒன்றை எடுக்கிறோம்.

எனவே மூன்று வகை வாக்கியங்களை முன்கூட்டியே நோட்டில் எழுதி, எதிரே சரியான பொருளையும் எழுதிவிடுங்கள். முதல் வகையில் குறிப்பு வாக்கியத்திலேயே இருக்கட்டும்: "வீட்டில் வெள்ளம் இல்லை, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போ." இரண்டாம் வகையில் ஒரே சொல் இரு பொருளில் வரட்டும்: "சக்கையைத் தின்றுவிட்டு, கரும்பு ஆட்டிய சக்கையை அடுப்புக்குப் போடு." மூன்றாம் வகையில் குறிப்பே இருக்கக் கூடாது: "வெள்ளம் வந்தாச்சா?"

மூன்றாம் வகைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதல் இரண்டு வகைகளில் நாங்கள் பயன்படுத்திய செயலி பெரும்பாலும் சரியாகவே பொருள் கொண்டது. சக்கை வாக்கியத்தில் இரண்டையும் பிரித்து விளக்கியபோது மாணவர்கள் கைதட்டினார்கள். அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்து ஒரு சொல்லின் பொருளை எடை போடும் அமைப்பு இந்த மாதிரிகளுக்கு 2017-இல் வகுக்கப்பட்டது. அந்த வேலையில் அவை உண்மையிலேயே தேர்ந்தவை. ஆனால் "வெள்ளம் வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டபோது, அது வெள்ளப் பேரிடர் என்று எடுத்துக்கொண்டு, மேட்டுப்பகுதிக்குச் செல்லுமாறும் மின்இணைப்பைத் துண்டிக்குமாறும் நீண்ட அறிவுரை தந்தது. அன்று மாலையே மாமாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த வெள்ளம் மக்களே? கொழாய்லயா, ஆத்துலயா?" என்று கேட்டார். திருப்பிக் கேட்பதும் சிந்தனையின் ஒரு பகுதியே என்று நோட்டில் அன்று அடிக்கோடிட்டேன்.

சோதனையின்போது இரண்டு பிழைகளைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, விடையை நாமே ஊட்டிவிடுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ் பெற்றது. விடை எண்ணிக்கை வரும்வரை காலைத் தட்டி நிறுத்தும். 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் ஆராய்ந்தபோது, சரியான எண் வந்ததும் கேள்வி கேட்பவரின் உடலில் தாமறியாமல் ஏற்படும் சிறு அசைவைப் பார்த்தே குதிரை நிறுத்துகிறது என்று தெரிந்தது. விடை தெரியாதவர் கேட்டால் குதிரை தோற்றது. செயலியிடம் "இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்தானே?" என்று கேட்பதும், தவறான விடை வந்ததும் "நன்றாக யோசித்துச் சொல்" என்பதும் அந்த அசைவுக்குச் சமம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புதிய உரையாடலைத் தொடங்குங்கள். இயன்றால், விடை தெரியாத ஒருவரைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள்.

இரண்டாவது பிழை, நியாயமில்லாத கேள்வியில் அதைத் தோற்கடித்துவிட்டு மகிழ்வது. 'மரச்சீனி' என்பதில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால் தவறாகச் சொல்லக்கூடும். நமக்கு அது ஐந்து எழுத்து. கணினியில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் அது எட்டுக் குறியீடுகள், வழக்கமான யூனிகோடு சேமிப்பில் 24 பைட்டுகள். மொழி மாதிரி பார்ப்பதோ அவற்றை வேறு விதமாகக் கூறு போட்ட துண்டுகளை. நாம் பார்க்கும் எழுத்தே அதன் கண்ணில் படுவதில்லை என்றிருக்க, அந்தத் தவற்றை வைத்து அதன் அறிவை மதிப்பிடுவது முறையாகாது.

காரணம் கேளுங்கள், ஆனால் சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்

கைதேர்ந்த பெரியவர் தேவை என்று தொடக்கத்தில் சொன்னது இந்தச் சோதனைக்காகத்தான்.

ஒரு நாள் மாமா தள்ளிய ஷீட் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு ஷீட்டைத் தள்ளிவிட்டு, "மக்களே, இதுல குமிழு கெடக்கு" என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு ஏற்றுக்கொண்ட அடுக்கைப் புரட்டிப் பார்த்தால், அதே அளவு குமிழியுள்ள ஷீட்டுகள் மூன்று அங்கே இருந்தன. அவரிடம் காட்டினேன். தள்ளிய ஷீட்டை மறுபடி கையிலெடுத்து ஓரத்தை மடித்தார், மூக்கருகில் கொண்டுபோனார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, புகை சரியாக ஏறவில்லை என்று கைக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்றார். தீர்ப்பு சரிதான், காரணம்தான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நாற்பது ஆண்டுப் பயிற்சி கையில் இருக்கிறது, வாய் அதற்கு அருகிலுள்ள ஒரு சொல்லை எடுத்துத் தருகிறது.

இது மாமாவுக்கு மட்டும் உரிய குறையன்று. 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் ஆகிய உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது: வரிசையாக வைத்த நான்கு ஜோடிக் காலுறைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை. வலக்கோடியில் இருந்ததையே மிகப் பலர் எடுத்தார்கள், ஆனால் காரணம் கேட்டபோது வைத்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை; நெசவு, தரம் என்று வேறு காரணங்களே வந்தன.

இதற்கு இணையான ஒன்றை இயந்திரத்தின் உள்ளேயும் பார்த்திருக்கிறார்கள். 2025-இல் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தங்கள் மொழி மாதிரி 36-ஐயும் 59-ஐயும் கூட்டும்போது உள்ளே எந்தப் பாதைகள் இயங்குகின்றன என்று தடம் பிடித்தார்கள். ஒரு பாதை விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று தோராயமாக மதிப்பிடுகிறது. இன்னொரு பாதை கடைசி இலக்கம் மட்டும் 5 என்று துல்லியமாகக் காண்கிறது. இரண்டும் சேர்ந்து 95. எப்படிக் கூட்டினாய் என்று கேட்டால், ஆறும் ஒன்பதும் பதினைந்து, ஒன்றைக் கொண்டுபோய்க் கூட்டினேன் என்று பள்ளிக்கூட முறையைச் சொன்னது. செய்தது ஒன்று, சொன்னது மனிதர்கள் எழுதி வைத்த விளக்கம்.

காரணம் பின்னால் வந்து ஒட்டுவதில் மாமாவும் அந்த மாதிரியும் ஒன்றுபோல இருக்கிறார்கள் என்பதை நான் தயங்காமல் எழுதுவேன். வேறுபாடு அடுத்த கணத்தில்தான் இருந்தது. நான் காட்டியதும் மாமா ஷீட்டை மறுபடி மடித்து முகர்ந்து பார்த்தார். ஆதாரம் அவர் கையிலேயே இருந்தது, அதனிடம் திரும்பிப் போக முடிந்தது. நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள்: செயலி தந்த ஒரு தீர்ப்புக்குக் காரணம் கேளுங்கள், அந்தக் காரணத்தோடு முரண்படும் இன்னொரு தீர்ப்பை அது தருமாறு ஒரு கேள்வி அமையுங்கள், பிறகு இரண்டையும் அருகருகே வைத்துக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு நாம் விரும்பும் பக்கம் சாய்கிறதா, அல்லது முன்பு கவனிக்காத ஒன்றை எடுத்துக்காட்டித் தீர்ப்பைத் திருத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் நடக்கும், எது எத்தனை முறை என்பதை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

நினைவில் நிற்பது எது

இல்லாத ஒரு சொல்லை உருவாக்கி அதற்கு ஒரு பொருள் சொல்லிக்கொடுங்கள். அதே உரையாடலுக்குள் செயலி அதை அழகாகப் பயன்படுத்தும், வேற்றுமை உருபு சேர்த்தும் பேசும். மறுநாள் புதிய உரையாடலில் கேட்டால் அதற்குத் தெரியாது. சில செயலிகள் நாம் சொன்னதைக் குறிப்புகளாக எழுதி வைத்துக்கொள்ளும் வசதியைத் தருகின்றன. அந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். எடைகளைத் திருத்தும் பயிற்சிக் காலம் வேறு, அவற்றைக் கொண்டு விடை சொல்லும் காலம் வேறு என்று பிரித்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். நம்மிடம் அந்தப் பிரிவினை இல்லை. பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தைக்கு அதே சொல்லை ஒருமுறை சொல்லிக்கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து நாங்கள் கேட்காமலேயே சொன்னது. பதின்ம வயது வரை ஒரு பிள்ளையின் காதில் விழும் சொற்களின் தொகை பத்துக் கோடி என்ற அளவை ஒட்டியே வரும். ஜிபிடி-3-இன் பயிற்சிக்கு ஏறத்தாழ 30,000 கோடிச் சொல்துண்டுகள் தேவைப்பட்டன.

இன்னொரு வியப்பான குறை 2023-இல் வெளியானது. பயிற்சியில் 'இவரின் தாய் இன்னார்' என்ற திசையில் மட்டும் படித்த மாதிரி, புகழ்பெற்ற ஒரு நடிகரின் தாய் பெயரைச் சரியாகச் சொன்னது. அந்தத் தாயின் மகன் யார் என்று திருப்பிக் கேட்டபோது தடுமாறியது. ஆனால் அந்தச் செய்தியை உரையாடலிலேயே தந்துவிட்டால் இரு திசையிலும் விடை சொல்லும். இதை உங்கள் ஊரின் அதிகம் அறியப்படாத கோவில், குளம், சாலைப் பெயர்களைக் கொண்டு சோதிக்கலாம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, அப்படியானால் அது வெறும் கிளிப்பிள்ளைதான் என்று முடித்துவிடவும் கூடாது. 2022-இல், ஒதெல்லோ என்ற பலகை விளையாட்டின் நகர்வு வரிசைகளை மட்டும் ஒரு சிறு வலையமைப்புக்குப் பயிற்சியாகத் தந்தார்கள். பலகை என்று ஒன்று இருப்பதையே அதற்குச் சொல்லவில்லை. பிறகு உள்ளே துருவிப் பார்த்தபோது, எந்தக் கட்டத்தில் எந்த நிறக் காய் இருக்கிறது என்ற நிலை அதன் எண்களுக்குள் உருவாகியிருந்தது. அந்த உள்நிலையை மாற்றினால் அது ஆடும் நகர்வும் மாறியது. வரிசையைப் பார்த்து வரிசையை ஊகிக்கும் வேலைக்காக, தான் காணாத பலகையை அது தனக்குள் அமைத்துக்கொண்டது.

உடலைப் பற்றிக் கேட்கும்போது

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது, "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே" என்று தொடுதலில் தொடங்கி, நா, மூக்கு, கண், செவி என்று ஏறி, "ஆறறி வதுவே அவற்றொடு மனனே" என்று முடிக்கிறது. பள்ளியில் இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறோம். இப்போது படிக்கும்போது எனக்கு 'அவற்றொடு' என்ற சொல்லே கண்ணில் படுகிறது. மனம் ஐந்தின் மேல் ஏறி நிற்பது, தொடுதல் அடித்தளம். மொழி மாதிரியோ ஆறாவதைப் போன்ற ஒன்றிலிருந்து தொடங்கி, ஐந்து இல்லாமலே நடக்கிறது. கேமராவும் ஒலிவாங்கியும் சேர்த்தாலும் அதற்குள் போவது எண்களே. சுடுவதால் கையை இழுக்க வேண்டிய தேவை அதற்கு ஏற்படுவதில்லை.

ஆனால் இதைச் சோதிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். புகையேறிய ஷீட்டின் மணம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அது நன்றாகவே விவரிக்கும். அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், எந்த நிறம் எந்த நிறத்துக்கு நெருக்கம் என்பதைப் பிறர் பேச்சிலிருந்தே பெருமளவு சரியாக அறிந்திருக்கிறார்கள். மொழி அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வரும். மொழி எங்கே நிற்கிறது என்று பார்க்க, யாரும் எழுதி வைத்திராத ஒன்றைக் கேட்க வேண்டும்: மாமா இரண்டு ஷீட்டுகளை மடித்துப் பார்த்து ஒன்றைத் தள்ளுகிறார், இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல, எந்த விரலில் அவருக்கு அது தெரிந்தது? பார்க்கும் வலையமைப்புகளிலும் இந்த வேறுபாடு வேறு விதமாகத் தெரிகிறது. 2014-இல், 57.7 விழுக்காடு உறுதியோடு பாண்டா என்று அடையாளம் கண்ட படத்தில், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அளவு எண்களை மாற்றியதும், ஒரு வலையமைப்பு அதை 99.3 விழுக்காடு உறுதியோடு கிப்பன் குரங்கு என்றது.

உள்ளே உணர்வு என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்த நோட்டில் இடம் விடாதீர்கள். சீனம் அறியாத ஒருவர் அறைக்குள் அமர்ந்து விதிப்புத்தகத்தைப் பார்த்தே சீனத்தில் விடை எழுதித் தந்தால் அவருக்குச் சீனம் புரிந்ததாகுமா என்று ஜான் சர்ல் 1980-இல் கேட்டார். தத்துவ அறிஞர்கள் இன்னும் அதில் உடன்படவில்லை. நாம் செய்யும் எந்தச் சோதனையும் அந்த இடத்தைத் தொடுவதில்லை என்பதால், தொட்டதாக எழுதுவது நேர்மையாகாது.

நோட்டில் எழுதும் முறை

ஒவ்வொரு வரியிலும் தேதி, செயலியின் பெயர், அதன் பதிப்பு, கேட்ட வாக்கியம் எழுத்து மாறாமல், எதிர்பார்த்த விடை, வந்த விடை ஆகியவை இருக்க வேண்டும். ஒரே கேள்வியை ஐந்து முறையாவது தனித்தனி உரையாடல்களில் கேளுங்கள். விடை ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால் ஒரு முறை கேட்டதை வைத்து எழுதியது எதற்கும் உதவாது. அதே வாக்கியத்தை ஒரு மனிதரிடமும் கேட்டு அவர் விடையையும் பக்கத்தில் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மனிதர் தவறு செய்யவே மாட்டார் என்ற கற்பனையோடு ஒப்பிட்டால் இயந்திரம் எப்போதும் தோற்கும். எங்கள் மாணவர்களில் நான்கு பேர் சக்கை வாக்கியத்தைத் தவறாகப் படித்தார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய வரிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். எங்கள் நோட்டில் "வெள்ளம் வந்தாச்சா?" என்ற வரிக்கு எதிரே இப்போது மூன்று தேதிகள் இருக்கின்றன. முதல் இரண்டிலும் 'கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறோம். மூன்றாவதில், ஐந்து முறையில் மூன்று முறை 'திருப்பிக் கேட்டது'. அது புதிதாகப் பெற்ற திறனா, அந்த மாதிரி வாக்கியங்கள் பயிற்சிக்குள் சேர்ந்துவிட்டதன் விளைவா என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒருமுறை பொதுவெளியில் வந்த வாக்கியம் சோதனைக்கு உதவாமல் போய்விடும். ஆகவே மேலே நான் எழுதிய எடுத்துக்காட்டுகளை அப்படியே எடுத்தாளாமல், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலிருந்து உங்களுக்கென்று வாக்கியங்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்காக மாமா எனக்குப் பதினொரு வாக்கியங்கள் சொல்லியிருக்கிறார். அவை நோட்டில் மட்டுமே இருக்கின்றன.